பிள்ளைச் சாட்சியும் மூல ஓலையும்

பவள விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று சங்கச் செயலாளர் வீடு தேடி வந்து கேட்டார். பகலில் குற்றவியல் மேல்முறையீடு, இரவில் பெரிய புராணம் என்று காலம் கழித்தவனிடம் கேட்டால் இரண்டும் கலந்துதான் வரும். போக்சோ பிரிவுகளை உங்களுக்கு ஒப்பிக்கப் போவதில்லை. சேக்கிழார் திருவடி வணங்கித் தொடங்குகிறேன்.

சீகாழிக் குளக்கரையில் ஒரு விசாரணை நடந்தது. சாட்சிக்கு வயது மூன்று, கடைவாயில் பால். நீராடிக் கரையேறிய சிவபாதவிருதயர் சிறுகோலை ஓங்கி, பால் தந்தவர் யாரென்று காட்டச் சொல்லி அதட்டுகிறார். (போக்சோ 33-ஆம் பிரிவு முரட்டுக் கேள்வியையே விலக்குகிறது, கோலுக்கு ஏது இடம்?) பிள்ளை விரலை நீட்டியது. காதில் தோடு, ஏறி வந்த விடை, தலையில் பிறை, மேனியில் சுடுகாட்டுச் சாம்பல் என்று அடையாளங்களை அடுக்கியது. கள்வன் என்றும் சொல்லிவிட்டது! அடையாள அணிவகுப்பு நடத்தும் நடுவர்கள் இத்தனை துல்லியமான சாட்சியைக் கண்டிருப்பார்களா? தந்தை பிள்ளையின் முகத்தைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், நம்பினார்.

மேல்முறையீட்டு நீதிபதிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அவர் முன் இருப்பது கட்டு மட்டுமே. தண்டனையை எதிர்த்து வரும் முதல் மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் சாட்சியம் முழுவதையும் புதிதாக எடைபோட வேண்டும். விடுவிக்கலாம், பிரிவை மாற்றலாம், தண்டனையைக் குறைக்கலாம். குற்றவாளி மட்டும் முறையிட்டிருந்தால் கூட்ட முடியாது.

திருவெண்ணெய்நல்லூர் அவையும் ஏட்டைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொன்னது. புத்தூர் மணப்பந்தலில் சுந்தரர் கிழித்தது படி ஓலை. அவரைத் தம் அடிமை என்று வழக்காடிய கிழவர் மூல ஓலையை நீட்டியதும், சுந்தரருடைய பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, அவையினர் எழுத்தோடு எழுத்தை ஒப்பிட்டார்கள். மூல ஓலை பழுதின்றி இருந்ததால் வழக்கு நின்றது. நம் காலத்தில் விசாரணை நீதிமன்றப் பதிவுதான் மூல ஓலை.

ராஜஸ்தானிலிருந்து வந்த ஒரு வழக்கில் 1951 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்ட சிறுமிக்கு எட்டு வயது. சத்தியப்பிரமாணத்தின் பொருள் தெரியாது என்று பிரமாணம் செய்விக்காமலே சாட்சியம் வாங்கினார்கள். முதல் நீதிமன்றம் தண்டித்தது. அமர்வு நீதிபதி, மனம் நம்புகிறது, சட்டத்துக்குப் போதவில்லை என்று விடுவித்தார். உயர் நீதிமன்றம் மறுபடி தண்டித்தது. நீதிபதி விவியன் போஸ் அதை உறுதி செய்தார். பிரமாணம் இல்லாததால் சாட்சியம் செல்லாமல் போகாது, எவ்வளவு நம்பலாம் என்பதே கேள்வி. பிறசான்று தேடுவது விவேகம், மாறாத விதியல்ல. நடந்த சில மணி நேரத்தில் தாயிடம் அவள் சொன்னதே ஆதரவாக நிற்கும் என்றார். இன்னொன்றும் சொன்னார், அதுதான் எனக்குப் பெரிது: உண்மை பேசும் கடமை குழந்தைக்குப் புரிகிறது என்று நீதிபதி கருதினால், ஏன் அப்படிக் கருதுகிறார் என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.

2021 விவகாரம் எல்லோருக்கும் தெரியும். ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்ற நாக்பூர் அமர்வு, ஆடைக்கு மேல் தொட்டது போக்சோ 7-ஆம் பிரிவில் வராது என்றது. அட்டர்னி ஜெனரலே முறையிட, நவம்பர் 18 அன்று லலித், ரவீந்திர பட், பேலா திரிவேதி அமர்வு அதைத் தள்ளி மூன்றாண்டுத் தண்டனையை மீட்டது. அங்கே தகராறு சொல்லின் பொருளைப் பற்றியது. நம் ஊர் வழக்குகள் அவ்வளவு உயரம் போவதில்லை, பதிவிலேயே விழுகின்றன.

இளைய வழக்கறிஞர்களே, குழந்தையிடம் தொடக்கத்தில் கேட்ட கேள்வியும் அது சொன்ன பதிலும் சொல்லுக்குச் சொல் பதிவாகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுந்து நின்று கேளுங்கள், அரசுத் தரப்பானாலும் எதிர்த்தரப்பானாலும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 280-ஆம் பிரிவு, சாட்சியின் நடத்தை பற்றிக் குறிப்பு எழுதச் சொன்னது. நான் புரட்டிய கட்டுகள் பலவற்றில் அந்த இடத்தில் இருந்தது, ‘விவரமாகப் பதில் சொல்கிறது’ என்ற ஒற்றை வரி. கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை.