வாய்க்கால் வழியே ஒரு திட்டம்: சூலூர்ப் பகுதியில் இடர்தணிப்பும் ஊர்ச் சபைகளும்

ஆடி மாதத்தில் சூலூர்க் குளத்தேரியில் நின்றால் தலைக்கு மேல் மழைக்கான அறிகுறி இராது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று மட்டும் ஓயாமல் அடிக்கும். அதே நாட்களில் மேற்கே வெள்ளியங்கிரி மலைச்சரிவில் தென்மேற்குப் பருவமழை கொட்டும். அது வலுத்த ஆண்டுகளில் நொய்யல் நுங்கும் நுரையுமாகக் கிழக்கே வரும். ஆண்டுக்கு ஏறத்தாழ 600 முதல் 700 மி.மீ. மழை மட்டுமே பெறும் மழைமறைவு நிலம் இது. வேறோர் இடத்தில் பெய்த மழையை அணைக்கட்டில் மறித்து, வாய்க்காலில் திருப்பி, குளத்தில் தேக்கித்தான் இந்த நிலம் பிழைத்து வந்திருக்கிறது.

இந்த அமைப்பைப் பாசன வரலாறாக மட்டும் படிப்பது போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். வறட்சி, வெள்ளம் என்னும் இரண்டு இடர்களையும் ஒரே ஏற்பாட்டில் கையாண்ட சமூகத் திட்டம் அது. இன்று சூலூர் வட்டாரத்துக்கு இடர்தணிப்புத் திட்டம் தீட்டுவோர் வருவாய்க் கிராமத்தின் எல்லையைப் பிடித்துக்கொண்டு தொடங்கினால் தவறிவிடுவார்கள். வாய்க்காலும் பள்ளமும் செல்லும் வழியே திட்டத்தின் எல்லையாக வேண்டும். முடிவெடுக்கும் இடம் ஊர்ச் சபையாக வேண்டும்.

1. இடரும் பேரிடரும்

இடர் இயற்கையிலிருந்து வருகிறது. அது பேரிடர் ஆவது மனித ஏற்பாட்டின் குறையால். கோவை மாவட்டத்தின் அண்மைக்கால நிகழ்வுகள் இரண்டு இதைத் துயரத்தோடு காட்டுகின்றன.

2017 செப்டம்பர் 7 அன்று, விசைத்தறிகளுக்குப் பெயர்பெற்ற சோமனூரில் பேருந்து நிலையத்தின் கூரை இடிந்து 5 பேர் இறந்தனர். மழைக்காலத்தில் பேருந்துக்குக் காத்திருப்போர் ஒதுங்கும் கூரை அது. 2019 டிசம்பர் 2 அதிகாலையில் மேட்டுப்பாளையம் நடூரில் ஓர் உயரமான கருங்கல் சுற்றுச்சுவர் கனமழையில் சரிந்து, ஒட்டியிருந்த ஓட்டு வீடுகளின் மேல் விழுந்தது. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டனர். இறந்தவர்கள் தலித் மக்கள். அந்தச் சுவரைப் பற்றி அப்பகுதியினர் முன்பே முறையிட்டிருந்ததாக அப்போது செய்திகள் வந்தன.

நடூரில் பெய்த மழை சுவரின் இரு பக்கமும் ஒன்றுபோலத்தான் பெய்தது. ஒரு பக்கம் மண் நனைந்தது. மறுபக்கம் குடும்பங்களே அழிந்தன. மழையளவைக் குறிக்கும் வரைபடத்தில் இந்த வேறுபாடு தெரியாது. எந்தச் சுவர் சாய்ந்திருக்கிறது, அதன் நிழலில் யார் படுத்திருக்கிறார்கள் என்பது அந்தத் தெருவுக்குத்தான் தெரியும். அந்த அறிவுக்கு அதிகாரம் கிடைக்காததுதான் நடூரின் துயரம்.

நிலநடுக்கத்துக்கும் இது பொருந்தும். 1900 பிப்ரவரி 8 அன்று கோவைப் பகுதியை மையமாகக் கொண்டு ஏறத்தாழ 6 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. 2002ஆம் ஆண்டின் நிலநடுக்க மண்டல வரைபடம் கோவையை மூன்றாம் மண்டலத்தில் வைத்தது. நூற்றாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய இடரை மக்கள் நினைவு தாங்காது. பள்ளிக் கட்டடம், நீர்த்தொட்டி, பேருந்து நிலையம் ஆகியவற்றின் தணிக்கைப் பதிவேடுதான் அந்த நினைவைத் தாங்க வேண்டும்.

2. குளம் என்னும் காப்பு

நொய்யலில் இருபதுக்கும் மேற்பட்ட அணைக்கட்டுகளும் முப்பதுக்கும் மேற்பட்ட குளங்களும் தொடராக அமைந்தவை. சூலூரின் பெரிய குளமும் சின்ன குளமும் அத்தொடரின் கண்ணிகள். அருகில் கலங்கல் என்றே ஓர் ஊர் இருக்கிறது. குளம் நிறைந்தபின் மிகைநீர் வழியும் அமைப்புக்கும் அதே பெயர்தான்.

குளத்தின் உறுப்புகளை நெருங்கிப் பார்த்தால் அதன் இடர்க்கணக்கு புரியும். மதகு வறட்சிக்கானது: தேக்கியதை அளந்து விடும். கலங்கல் வெள்ளத்துக்கானது: கரை உடையுமுன் நீருக்கு வழி விடும். இரண்டுக்கும் நடுவே ஓயாத இழுபறி உண்டு. கோடைக்காகக் குளத்தை நிரப்பி வைத்தால் ஐப்பசிப் புயல்மழைக்கு அதில் இடமிராது; வெள்ளத்துக்காக இடம் விட்டால் பங்குனியில் கிணறு வற்றும். எப்போது, எவ்வளவு திறப்பது என்ற முடிவின் விளைவு கீழ்க்குளத்துக்கும் போய்ச் சேரும். அதனால் அது தனியொருவர் முடிவாக இருக்க முடியாது.

பழைய முறையைப் பொற்காலமாகக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஊரார் கூடி நீர்நிலைகளைப் பழுதுபார்க்கும் குடிமராமத்தைத் தக்கவைக்க ஆங்கிலேயர் 1858இல் சட்டமே இயற்றினர். அதன் பெயரிலேயே கட்டாய உழைப்பு இருந்தது. தூர்வாரும் உழைப்பும் வாய்க்கால் நீரின் பயனும் எல்லாச் சாதியினருக்கும் ஒரே விகிதத்தில் வந்ததில்லை. 1876–78இன் தாது வருஷப் பஞ்சம் கொங்கு நாட்டையும் வாட்டியபோது, முதலில் பட்டினி கிடந்தவர்கள் நிலமற்ற கூலிகளே. ஆகவே பழைய முறையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் நீரியல் அறிவை. விட்டுவிட வேண்டியது அதன் ஏற்றத்தாழ்வை.

3. அறுந்த கண்ணிகள்

1930களில் பைகாரா மின்சாரம் கோவைக்கு வந்தது. பம்புசெட்டுகள் பெருகின. தோட்டத்துக் கிணறு கைகொடுத்ததும் வாய்க்காலை நம்பியிருந்த விவசாயி தனித்து நிற்க முடிந்தது. அது பெரும் விடுதலை, ஐயமில்லை. ஆனால் பொது வாய்க்காலைக் காக்கும் கட்டாயமும் அதோடு தளர்ந்தது. கிணறு ஆழ்துளையாகி, போர் போட்டவர் அடுத்தவரைவிட ஆழமாகப் போட வேண்டியதாயிற்று. வறட்சி ஊர்ப் பிரச்சினை என்ற நிலை மாறி ஒவ்வொரு குடும்பத்தின் கடனாயிற்று. 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62 விழுக்காடு குறைந்து, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. குளம் காய்ந்தால் சுற்றுக்கிணறுகளும் வற்றும் என்ற பழைய பாடம் அப்போது மீண்டும் கசந்தது.

இன்னொரு முறிவு கண்ணை ஏமாற்றுவது. மாநகரின் கழிவுநீர் நொய்யலில் கலந்து கீழ்க்குளங்களுக்கு வருகிறது. ஆகாயத்தாமரை மூடிய குளம் ஆண்டு முழுதும் நிறைந்தே தெரியும். அந்த நிறைவு இரு வகையிலும் பயனற்றது. வெள்ளத்துக்கு இடமில்லை, வறட்சிக்குக் குடிக்கத்தக்க நீருமில்லை. எனவே கழிவுநீர்ச் சுத்திகரிப்பைச் சுகாதாரத் துறையின் பணியாக மட்டும் எண்ணுவது பிழை. அது வெள்ளத் தடுப்புப் பணியும்கூட. மேலே உள்ள மாநகராட்சி கலந்துகொள்ளாத எந்தத் திட்டமும் சூலூரைக் காக்காது.

4. இரு மறுப்புகள்

மாவட்டத் திட்டம் இருக்கையில் ஊருக்குத் தனித் திட்டம் எதற்கு என்று கேட்கலாம். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டமே இதற்கு விடை சொல்கிறது. மாவட்டத் திட்டத்தை 31ஆம் பிரிவு கோருகிறது. அடுத்த பிரிவு, உள்ளாட்சி அமைப்புகளும் மாவட்ட ஆணையத்தின் மேற்பார்வையில் தங்கள் திட்டத்தைத் தயாரிக்க வேண்டும் என்கிறது. ஊர்த்திட்டம் மேலிருந்து தரப்படும் சலுகையன்று, சட்டக் கடமை.

இது வல்லுநர் வேலை, மக்களுக்கு என்ன தெரியும் என்பது இரண்டாவது மறுப்பு. வானிலை ஆய்வு மையம் மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை விடும். எந்தப் பள்ளத்தின் வாயில் மண் கொட்டி மனை பிரித்திருக்கிறார்கள், எந்த வீட்டில் நடக்க முடியாத பெரியவர் இருக்கிறார், வெளிமாநிலத் தொழிலாளர் எந்தத் தகரக் கொட்டகையில் தங்கியிருக்கிறார்கள் என்பதை அது சொல்ல இயலாது. வல்லுநரின் எச்சரிக்கையும் ஊரின் அறிவும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல. ஒன்றில்லாமல் மற்றது பாதி வழியில் நின்றுவிடும்.

5. சபை நாட்களே திட்ட நாட்கள்

தமிழகத்தில் கிராம சபை ஆண்டுக்கு 6 நாட்கள் கூடுகிறது. அவற்றில் மூன்று நாட்கள் கொங்கு நாட்டின் இடர்ச் சுழற்சியோடு வியக்கத்தக்க வகையில் பொருந்துகின்றன. மார்ச் 22இல் குளத்திலும் கிணறுகளிலும் எஞ்சிய நீரை அளந்து, குடிநீருக்கும் கால்நடைக்கும் தென்னைக்கும் முன்னுரிமை வகுக்கலாம். மே 1இல், மலைமழை தொடங்குமுன், அணைக்கட்டு முதல் குளம் வரை வாய்க்காலை நடந்து பார்த்து அடைப்புகளை எடுக்கத் தீர்மானிக்கலாம். அக்டோபர் 2இல், வடகிழக்குப் பருவமழைக்கு முன், கலங்கலையும் பள்ளங்களையும் பழுதான சுவர்களையும் பார்வையிட்டு, இடம்பெயர வேண்டிய குடும்பங்களின் பட்டியலைப் படித்து நிறைவேற்றலாம். நகர்ப்பகுதிகளில் 2022 முதல் கூடும் பகுதி சபைகள் இதே பணியைச் செய்யலாம்.

இதற்கு மூன்று நிபந்தனைகள் வேண்டும். ஒரே வாய்க்காலில் உள்ள ஊர்களின் சபைகள் தீர்மானங்களைப் பகிர்ந்துகொள்ள ஒரு கூட்டுக்குழு வேண்டும். பட்டியலின் முதல் வரிசையில் குடியிருப்பின் ஓரத்தில் வாழ்வோர் இருக்க வேண்டும். அவர்கள் இல்லாத சபையின் தீர்மானம் செல்லாததாகக் கருதப்பட வேண்டும். முறையீடு ஒன்று வந்தால் எத்தனை நாளில் யார் பதில் சொல்வது என்று எழுதிவைக்க வேண்டும்.

2024 ஆகஸ்ட் 17இல் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் பவானியின் உபரிநீரைக் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 நீர்நிலைகளுக்குக் கொண்டுவருகிறது. குழாய் வந்துவிட்டது. வந்த நீரைக் கரை உடையாமல் காப்பதும், கழிவு கலக்காமல் பார்ப்பதும், கடைமடைக்குப் பங்கிடுவதும் குழாயால் ஆகாது. அக்டோபர் 2 அன்று ஊர் மக்கள் கூட்டமாகக் குளத்தேரியில் நடந்து கலங்கலைப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் தெருக்கோடியில் சாய்ந்து நிற்கும் சுவர் முன் நின்று அதன் பெயரையும் நாளையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதட்டும். நடூரில் அப்படியொரு பக்கம் எழுதப்பட்டு, யாரேனும் அதற்குப் பதில் சொல்லியிருந்தால், 17 உயிர்கள் பிழைத்திருக்க வழி இருந்தது.