யோசனை சொல்லும் வேலை

எங்கள் ஊரில் யோசனை சொல்வதற்கென்று ஒரு திண்ணை இருந்தது. அது ஊருக்குள் இருந்தது. நாங்கள் காலனியில் இருந்தோம். ஏரி மீன் ஏலமோ திருவிழாவோ, முடிவு அங்கே ஆகும். வேலை மட்டும் எங்களிடம் வரும். ஒருமுறை மதகு பழுதாகி இருப்பதைப் பற்றி அப்பா வாய் திறந்தார். "யோசன சொல்ல வந்துட்டியா? போய் மம்முட்டிய எடுடா" என்றார்கள்.

1998ல் சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி எனக்கு 'கன்சல்டன்ட்' என்று ஆர்டர் கொடுத்தது. "அப்டின்னா இன்னா தம்பி?" என்று அம்மா கேட்டாள். "யோசன சொல்ற வேலம்மா." "அதுக்குப் போயி காசு குடுப்பாங்களா?" என்று சிரித்தாள். அவள் சிரித்ததற்குக் காரணம் இருக்கிறது. இந்த வேலைக்கு யார் முதலில் போனார்கள் என்ற வரலாற்றைப் பார்த்தால் அது தெரியும்.

டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் 1968ல் பம்பாயில் தொடங்கியது. 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு உடன்படாத ஐ.பி.எம். 1978ல் நாட்டைவிட்டு வெளியேறியது. அந்த இடைவெளியில் உள்நாட்டுக் கம்பெனிகள் வளர்ந்தன. 1990ல் அமெரிக்கா ஹெச்-1பி விசாவை உருவாக்கி ஆண்டுக்கு 65,000 பேர் என்று வரம்பு வைத்தது. 1991ல் இந்திய அரசு மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அரசு நிறுவனங்களான டிட்கோவும் எல்காட்டும் சேர்ந்து கட்டிய டைடல் பார்க் 2000த்தில் தரமணியில் திறக்கப்பட்டது. நிலம், வரிச்சலுகை, மின்சாரம் எல்லாம் அரசு தந்தது. அதாவது எங்கள் அப்பன் ஆத்தா உழைப்பும் அதில் இருக்கிறது. இடஒதுக்கீடு என்று கேட்டால் மட்டும், "இது தனியார் துறை, இங்கே தகுதிதான்" என்றார்கள்.

தகுதி எப்படி உண்டானது? சென்னை ஐ.ஐ.டி. 1959ல் தொடங்கியது. தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் ஐ.ஐ.டி.களில் இடஒதுக்கீடு வந்தது 1973ல். நடுவில் 14 வருஷம். அந்த 14 வருஷத்தில் படித்து வெளியே வந்தவர்களில் பலர் அமெரிக்காவுக்குப் போய் வேரூன்றினார்கள். அடுத்து வந்தவனுக்குத் தங்க இடமும் அறிமுகமும் கொடுக்க ஆள் இருந்தது. எங்களுக்கு இல்லை.

எங்களுக்குக் கிடைத்தது ஒரு சந்து. பழைய கோபோல் புரோகிராம்களில் வருஷத்தை இரண்டே இலக்கத்தில் எழுதி வைத்திருந்தார்கள். 2000 பிறந்தால் மெஷின் அதை 1900 என்று எடுத்துக்கொள்ளும். வங்கிக் கணக்கு, இன்சூரன்ஸ், சம்பளப் பட்டியல் எல்லாவற்றையும் வரிவரியாகத் தேடித் திருத்த வேண்டும். ஆள் பற்றாக்குறை. அரசுக் கல்லூரியில் உதவித்தொகையில் கணிதம் படித்துவிட்டு, அம்மாவின் கம்மலை அடகு வைத்து ஆறு மாதம் கோபோல் படித்த என்னையும் கூப்பிட்டார்கள்.

பெயர்தான் ஆலோசகர். நடந்தது ஆள் பிடிப்பு. 'பாடி ஷாப்பிங்' என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். வெளிநாட்டுக் கம்பெனி ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று தரும். தரகன் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை நமக்குக் கொடுப்பான். நடுவில் விலகினால் பணம் கட்டவேண்டும் என்று பாண்டு எழுதி வாங்கினார்கள். அதில் கையெழுத்துப் போடும்போது என் பாட்டி நினைவுக்கு வந்தாள். அவளுடைய அப்பா கங்காணியிடம் முன்பணம் வாங்கிக் கண்டித் தோட்டத்துக்குப் போனவர். கங்காணிக்குத் தலைக்காசு, கூலிக்குக் கடன். கடனைக் குறித்த துண்டுச் சீட்டு இல்லாமல் தோட்டம் மாற முடியாது. அந்தத் துண்டுமுறை 1921ல்தான் சட்டப்படி ஒழிந்தது. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அவர் அட்டையிடம் ரத்தம் கொடுத்தார், நான் ஏ.சி. அறையில் உட்கார்ந்தேன். அனுப்பி வைக்கிற நடுவாளின் கணக்குப்புத்தகம் மட்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை. சுயமரியாதை இயக்கம் சாதித்த காரியம் அது. அதனால் வேறு வழியில் கேட்டார்கள். "சொந்த ஊரு எது? ஊருக்குள்ளயா, வெளியவா?" "நீங்க வெஜ்ஜா?" முதுகில் தட்டிக்கொடுப்பதுபோல் பூணூலைத் தடவிப் பார்த்தார் ஒரு மேலாளர். இது என் கற்பனை என்று சொல்பவர்கள் சுகதேவ் தோரட்டும் பால் அட்டுவெல்லும் 2007ல் வெளியிட்ட ஆய்வைப் படிக்கட்டும். ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் கம்பெனிகளுக்கு அனுப்பினார்கள். நேர்முகத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, ஆதிக்கசாதிப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது.

அமெரிக்காவில் கடைசிப் பெயர் கேட்டார்கள். அப்பா பெயரை எழுதினேன். ஊரில் சின்னப்பசங்ககூட "டேய்" போட்டுக் கூப்பிட்ட அந்தப் பெயருக்கு முன்னால் வெள்ளைக்காரன் 'மிஸ்டர்' போட்டான். அன்றைக்கு அழுதேன். ஆனால் பக்கத்து மேசை நம்மாளு விசாரிப்பதை நிறுத்தவில்லை.

அது என் ஒருவன் கதையல்ல. 2020 ஜூனில் கலிபோர்னியா அரசு சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. தலித் பொறியாளர் ஒருவரை ஆதிக்கசாதி மேலாளர்கள் இருவர் ஒதுக்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் மறுத்தது. தனிநபர்கள் இருவர் மீதான வழக்கை 2023 ஏப்ரலில் அரசே திரும்பப் பெற்றது. அதே ஆண்டு பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை அக்டோபரில் ஆளுநர் நிராகரித்தார். வென்றோமா தோற்றோமா என்பது இருக்கட்டும். சாதி என்ற சொல் அந்த ஊர் நீதிமன்றத்தில் ஏறியது.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். படிப்பு வேண்டும், இங்கிலீசு வேண்டும். அதற்குமேல், உள்ளே இருந்து "இவன் நம்மாளு, எடுத்துக்கங்க" என்று சொல்ல ஒருத்தர் வேண்டும். ரெஃபரல் என்று பெயர். அவர்கள் அதைத் தலைமுறையாகச் செய்துவிட்டு, தகுதி என்கிறார்கள். இதுவரை காலனிப் பிள்ளைகள் ஒன்பது பேருக்கு நான் சொல்லியிருக்கிறேன். ஆறு பேர் வேலையில் இருக்கிறார்கள். இதெல்லாம் ஒருத்தன் கையால் இறைக்கிற தண்ணீர். தனியார் துறையில் இடஒதுக்கீடு என்பது மதகு. அதைத் திறக்கச் சொல்வதும் யோசனைதான். இந்த முறை மம்முட்டியை எடு என்று எங்களை விரட்ட முடியாது.