கினோசாகியின் வெந்நீர் யாருடையது?

ஜப்பானின் ஹியோகோ மாநிலத்தில் ஒத்தானி என்ற சிற்றாற்றின் இரு கரையிலும் அமைந்த ஊர் கினோசாகி. மாலையானால் பருத்தி யுகாடா உடுத்தியவர்கள் மரச்செருப்பு சப்திக்க ஒரு குளியல் கூடத்திலிருந்து இன்னொன்றுக்கு நடந்துகொண்டே இருப்பார்கள். பொதுக் கூடங்கள் மொத்தம் ஏழு. தோச்சி என்ற துறவி ஆயிரம் நாள் வழிபட்டதால் கி.பி. 720-இல் ஊற்று பீறிட்டது என்பது தலக்கதை. அதை வைத்து இந்தத் தெருநடையையும் ஆயிரத்து முந்நூறு ஆண்டுப் பழக்கமாகவே விற்கிறார்கள். வெளியே போய்க் குளிப்பது பழைய வழக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் பழையது என்பதாலேயே எந்த வழக்கமும் பிழைப்பதில்லை. கினோசாகியில் அது பிழைத்ததற்குக் காரணம் 1927-இல் மூண்டு 1950-இல் ஓய்ந்த ஒரு தண்ணீர்த் தகராறு என்பேன்.

முன்பு இங்கே விடுதிக்குள் வெந்நீர்க் குளியல் கிடையாது. படுக்கையும் சோறும் விடுதியில், குளியல் ஊர்க்கூடத்தில். 1909-இல் ரயில் வந்ததும் கூட்டம் பெருகியது. 1925 மே மாத நிலநடுக்கமும் அதன் பின் பரவிய தீயும் ஊரையே அழித்தன. இன்று பழமை என்று படமெடுக்கப்படும் மரவிடுதிகளில் பெரும்பாலானவை அதற்குப் பின் எழுந்தவை. ஊர் மீண்டும் எழுந்துகொண்டிருந்த வேளையில், மிகியா என்ற பழைய விடுதி தன் மனையிலேயே ஊற்றுநீர் எடுத்து உள்குளியல் அமைத்தது. எழுத்தாளர் ஷிகா நாவோயா 1913-இல் ரயில் மோதிய காயம் ஆறத் தங்கியிருந்ததும் இதே விடுதியில்தான். என் மண்ணுக்கடியில் உள்ளது எனக்கு என்றது விடுதி. ஜப்பானிய சிவில் சட்டத்தில் அதற்கு இடமும் இருந்தது. அடியில் ஓடுவது ஊர்ப்பொது நீர், ஒருவர் உறிஞ்சினால் எல்லாக் கூடமும் வற்றும் என்று ஊர் வழக்குத் தொடுத்தது. ஊரின் வாதம் வெறும் பிடிவாதம் அல்ல. 1940-இல் நாகனோ பகுதி வழக்கொன்றில், வெந்நீர் உரிமை உள்ளூர் வழக்கப்படி நில உரிமையிலிருந்து தனித்து நிற்கலாம் என்று ஜப்பானின் அன்றைய உச்ச நீதிமன்றமே ஏற்றது.

இதெல்லாம் போட்டியாளரை ஒடுக்க மற்ற விடுதிக்காரர்கள் செய்த வேலைதானே என்று கேட்கலாம். சுயநலம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். உள்குளியல் பரவினால் சிறு விடுதிகள் நொடித்துவிடும் என்ற பயம் அவர்களுக்கு உண்டு. தெருநடை பிழைத்ததற்கு நீர்ப் பற்றாக்குறையே காரணம், ஊர் வகுத்த கட்டுப்பாடு அல்ல என்ற வாதம் இன்னும் கனமானது. அதற்குப் பதில் பின்கதையில் இருக்கிறது. 1950 சமரசம் உள்குளியலை அனுமதித்தது, ஆனால் அதன் அளவுக்கு வரம்பு கட்டியது. பிறகு புதிய ஊற்றுகள் தோண்டி நீர் பெருகிய பின்னும் அந்த வரம்பை ஊர் கைவிடவில்லை. மற்றப் பல வெந்நீர் ஊர்களில் பெரிய ஹோட்டல்கள் குளியல், விருந்து, கடை எல்லாவற்றையும் தம் கூரைக்குள் இழுத்துக்கொள்ள, வெளியே தெரு வெறிச்சோடியது. இங்கே 1972 முதல் ஊற்றுகளின் நீரை ஒன்றாகச் சேர்த்து, குழாய் வழியே பொதுக் கூடங்களுக்கும் விடுதிகளுக்கும் பங்கிடுகிறார்கள். ஏழு கூடங்களுக்கும் போய்வர அனுமதிச் சீட்டை, தங்கும் விருந்தினருக்கு விடுதியே கொடுத்து அனுப்புகிறது.