அம்பத்தூருக்கு வந்த ஆக்சொலாட்டில்

சென்ற கோடையில் அம்பத்தூரில் எம் மாணவர் ஒருவரின் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் அவ்வுயிரைக் கண்டோம். ஒரு சாண் நீளம், வெளிறிய உடல், தலையின் இருமருங்கும் இறகுபோல் விரிந்த சிவந்த செவுள்கள். கொளத்தூரில் வாங்கியதாம். "இதற்குத் தமிழில் என்ன பெயர், ஐயா?" என்றார். விடை கூற இயலவில்லை. தவளை, தேரை, நுணல் என்று பிரித்தறிந்த மொழியில் இதற்குப் பெயரில்லை. காரணம் எளிது: தென்னாட்டில் சாலமாண்டரே கிடையாது. இந்தியாவில் அவ்வினம் இயற்கையாக வாழ்வது டார்ஜிலிங், சிக்கிம் முதலிய குளிர்ந்த மலைப் பகுதிகளில்தான்.

தொட்டியில் இருந்ததோ ஆக்சொலாட்டில். மெக்சிகோ நகரை அடுத்த சோச்சிமில்கோ நீர்நிலைகளுக்கு உரியது. சாவுக்கு அஞ்சிப் பல உருவெடுத்து, இறுதியில் நீருக்குள் ஒளிந்த ஷோலோட்டில் என்னும் அஸ்டெக் தெய்வத்தின் பெயரே இதற்கும். (புராணத்தில் அங்கும் தப்பவில்லை.)

மெக்சிகோவில் பிரெஞ்சுப் படை நுழைந்திருந்த காலத்தில் 34 ஆக்சொலாட்டில்கள் உயிருடன் பாரிசுக்கு அனுப்பப்பட்டன. 1864-இன் தொடக்கத்தில் அவற்றுள் ஆறு, ஐந்து ஆணும் ஒரு பெண்ணுமாக, அருங்காட்சியக அறிஞர் அகுஸ்த் துமெரிலிடம் வந்து சேர்ந்தன. மறு ஆண்டு முட்டையிட்டன. குஞ்சுகளுள் சில செவுள் உதிர்த்துத் தரைவாழ் சாலமாண்டர்களாக மாறவே துமெரில் திகைத்துப்போனார். இளம்பருவ உடலோடே இனம் பெருக்கும் உயிர் இது என்று பின்னர் தெளிவாயிற்று. அவர் பிற நாட்டு அறிஞர்களுக்குக் குஞ்சுகளை வழங்கினார். இன்றைய ஆய்வகக் குடிகளின் மரபில் பெரும்பங்கு அந்த ஆறிலிருந்து வந்ததே. தாயகத்திலோ, 1998-இல் சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6,000 என இருந்த எண்ணிக்கை 2014-இல் 36 ஆகச் சுருங்கியது.

பாரிசில் பிழைத்தது அம்பத்தூரில் பிழைக்குமா? சோச்சிமில்கோ ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. நீர் எப்போதும் குளிர்ந்திருக்கும். இவ்வுயிருக்கு உகந்தது 16 முதல் 18 பாகை. 24-ஐத் தாண்டினால் உணவு செல்லாது, பூஞ்சை பற்றும். சாலமாண்டர் தன் குளிர்ச்சியால் தீயையே அணைத்துவிடும் என்று பிளினி எழுதி வைத்தார். அவர் சென்னையின் மே மாதத்தைக் கண்டவரல்லர். நாம் சென்ற அன்று தொட்டியின் வெப்பமானி 29 காட்டியது.

மற்றவற்றில் மாணவர் குறை வைக்கவில்லை. குழாய்நீரின் குளோரினை நீக்கியிருந்தார். அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் பெருகட்டும் என்று ஆறு வாரம் வெறுந்தொட்டியில் வடிகட்டியை ஓட்டியிருந்தார். விழுங்கிவிடும் என்பதால் கூழாங்கல் இல்லை, உணவு மண்புழு. ஆனால் குளிர்விக்க மேசை விசிறியும் பனிக்கட்டி நிறைத்த புட்டிகளுமே இருந்தன. நம் ஊரின் ஈரக்காற்றில் விசிறி ஓரிரு பாகைதான் குறைக்கும். புட்டியோ ஏற்ற இறக்கத்தைத் தந்து மேலும் வாட்டும். நீர் குளிர்விக்கும் கருவியின் விலை இவ்வுயிரின் விலையைப்போல் பன்மடங்கு. விற்றவர் அதைச் சொல்லவில்லை. 2022-இல் திருத்திய வன உயிரினச் சட்டப்படி இதனைப் பதிவு செய்யவேண்டும் என்பதையும் சொல்லவில்லை.

அன்று மாலையே தொட்டியைக் குளிர்சாதன அறைக்கு மாற்றினார். இரவில் மின்சாரம் இருமுறை நின்றதாம். ஜூன் முதல் வாரத்தில் தொலைபேசியில் அழைத்தார், தொட்டி காலி. வேறென்ன வளர்க்கலாம் என்று கேட்டார். கப்பி மீன் என்றோம்.