இதுல ஃபேன் ஓடுமா?

பீகாரில் பராபர் குகைகளைப் பார்க்கப் போனபோது என் முதுகுப்பையின் மேல் ஒரு மடக்கு சோலார் பேனலைக் கட்டியிருந்தேன். 20 வாட். எந்த ஊர் பிளக்கையும் நம்பி நான் இல்லை என்று அதன்மேல் எனக்கு ஒரு பெருமை. ஆனால் அது ஜனவரி மாதம். கயாவிலிருந்து வடக்கே எங்கு பார்த்தாலும் பனிமூட்டம். இரண்டு நாளாக வெயில் கண்ணிலேயே படவில்லை. போன் அணைந்துவிட்டது.

பாட்னா - கயா சாலையோரம் ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன். கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். பேனலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் அரைகுறை இந்திக்குப் புரிகிற மாதிரி மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, வெயில் காலத்துல இதுல ஃபேன் ஓடுமா?"

"ஓடாது சாச்சா. போன் சார்ஜ் ஆகும், அவ்வளவுதான்."

சிரித்துக்கொண்டே கடைக்குள்ளிருந்து ஒரு வயரை இழுத்து என் பக்கம் நீட்டினார். கம்பத்திலிருந்து வரும் கரண்ட். அதில் என் போன் உயிர்பெற்றது. காசு வேண்டாம் என்றுவிட்டார்.

ஊர் திரும்பி அந்தப் பக்கத்தைப் பற்றி வாசிக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, அவர் கேட்ட கேள்விக்கு அங்கே ஒரு வரலாறு இருக்கிறது என்று.

பராபர் குகைகள் இருக்கும் அதே ஜெகானாபாத் மாவட்டத்தில் தர்ணை என்று ஒரு கிராமம். ஒருகாலத்தில் அங்கே மின்சாரம் இருந்தது. 1980களின் தொடக்கத்தில் டிரான்ஸ்பார்மர் பழுதானது. அதைச் சரிசெய்ய யாரும் வரவில்லை. அடுத்த முப்பது வருடமும் மண்ணெண்ணெய் விளக்குதான். கம்பம் மட்டும் நின்றது.

2014 ஜூலையில் கிரீன்பீஸ் அமைப்பு வேறு இரண்டு நிறுவனங்களோடு சேர்ந்து அங்கே 100 கிலோவாட் சூரிய மின்நிலையம் ஒன்றை அமைத்தது. வீடுகளுக்கும் கடைகளுக்கும் 70 கிலோவாட், தண்ணீர் பம்புகளுக்கு 30 கிலோவாட். சுமார் 450 வீடுகள், 2,400 பேர். முழுக்க சோலாரில் இயங்கும் கிராமம் என்று நாடு முழுவதும் செய்தி வந்தது.

அடுத்த மாதம் நிதிஷ் குமார் அங்கே வந்தார். அப்போது அவர் முதல்வர் பதவியிலிருந்து விலகியிருந்த நேரம். ஆனாலும் மாநிலத்தில் பெரிய ஆள். மாலையோடு நன்றி சொல்லியிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? கூட்டத்தில் கிராமத்தினர் சிலர் கோஷம் போட்டார்கள். எங்களுக்கு 'அஸ்லி பிஜிலி' வேண்டும், 'நக்லி பிஜிலி' வேண்டாம். அசல் கரண்ட் வேண்டும், போலி கரண்ட் வேண்டாம்.

முதலில் வாசித்தபோது எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. முப்பது வருட இருட்டுக்குப் பிறகு வெளிச்சம் வந்திருக்கிறது, அதைப் போலி என்கிறார்களே என்று. அப்புறம் பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 70 கிலோவாட்டை 450 வீடுகளுக்குப் பங்கு வைத்தால் வீட்டுக்குச் சுமார் 155 வாட். அதுவும் உச்சி வெயிலில். சாதாரண சீலிங் ஃபேன் ஒன்றுக்கே 75 வாட் போய்விடும். இரண்டு ஃபேன் போட்டால் கதை முடிந்தது. ஃபிரிட்ஜ், ஹீட்டர் எல்லாம் கூடாது என்று கட்டுப்பாடு வேறு. யூனிட் விலையும் கம்பிக் கரண்டைவிட அதிகம். ஊரில் ஆளாளுக்குக் குறைவான விலையில் ஃபிரிட்ஜ் ஓட்டும்போது, இவர்கள் மட்டும் அதிக விலைக்கு விளக்கு எரிக்க வேண்டும். 'போலி' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

கோஷத்துக்குப் பலன் இருந்தது. விரைவிலேயே டிரான்ஸ்பார்மர் வந்து இறங்கியது, கம்பியில் கரண்ட் வந்தது. சோலார் நிலையத்தின் பேட்டரிகள் சில வருடங்களில் செத்துப்போயின. மாற்ற ஆளில்லை. 2021இல் வெளியான செய்திகளின்படி அந்த மின்நிலையக் கட்டடத்தில் மாடு கட்டியிருந்தார்கள்.

இது முதல் தடவையும் அல்ல. 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் சிலிக்கான் சூரிய மின்கலத்தை உலகுக்குக் காட்டியது. நான்கு வருடத்தில் அது வான்கார்ட் 1 செயற்கைக்கோளில் ஏறி விண்வெளிக்குப் போனது. ஒரு கிராமத்துக்கு வந்து சேர இன்னும் இருபது வருடம் ஆனது. 1978 டிசம்பரில், அரிசோனா பாலைவனத்தில் பூர்வகுடிகள் வாழ்ந்த சுச்சூலி என்ற சின்ன ஊரில் நாசா 3.5 கிலோவாட் நிலையம் ஒன்றை நிறுவியது. தண்ணீர் பம்பு, விளக்குகள், பொதுவில் ஒரு துணி துவைக்கும் இயந்திரம், ஒரு தையல் இயந்திரம். ஐந்து வருடம் கழித்து அங்கேயும் மின்கம்பி வந்தது.

அப்படியானால் கம்பிக் கரண்ட்தான் அசலா? அதையும் அப்படியே ஏற்க முடியவில்லை. தர்ணையை முப்பது வருடம் கைவிட்டதே அந்தக் கம்பிதான். 2018 ஏப்ரலில் நாட்டின் எல்லாக் கிராமங்களுக்கும் மின்சாரம் வந்துவிட்டது என்று அரசு அறிவித்தது. ஊரின் பொது இடங்களோடு நூற்றுக்குப் பத்து வீடுகளில் இணைப்பு இருந்தால் போதும், அது மின்சாரம் பெற்ற கிராமம். மிச்சம் தொண்ணூறு வீட்டில் இருட்டு இருந்தாலும் கணக்கு சரி.

ராஜஸ்தானில் திலோனியா என்ற கிராமத்தில் 1972இல் பங்கர் ராய் தொடங்கிய வெறுங்கால் கல்லூரி இன்னொரு வழியில் போனது. எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களைக் கூப்பிட்டு, ஆறு மாதம் உட்காரவைத்து, சோலார் விளக்கைக் கட்டவும் பழுது பார்க்கவும் கற்றுக்கொடுக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பாட்டிமார்கள் வந்தார்கள். பொதுமொழி கிடையாது. நிறத்தையும் சைகையையும் வைத்துத்தான் பாடம். முன்பு மண்ணெண்ணெய்க்குச் செலவு செய்த அளவுக்கு ஒவ்வொரு வீடும் மாதம் பணம் கட்டும். அதிலிருந்து அந்தப் பெண்ணுக்குச் சம்பளம்.

அங்கேயும் பெரும்பாலும் விளக்கும் போன் சார்ஜும்தான். ஃபிரிட்ஜ் இல்லை. ஆனால் விளக்கு அணைந்தால் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று ஊருக்குத் தெரியும். தர்ணையில் 1980களில் டிரான்ஸ்பார்மர் போனபோதும் சரி, பின்னால் பேட்டரி போனபோதும் சரி, தட்டுவதற்கு அந்த ஒரு கதவு இல்லை.

எனக்குப் பேனல் ஒரு பயணச் சாமான். பனி மூடினால் யாராவது ஒருவர் வயரை நீட்டுவார். வீடு திரும்பினால் சுவிட்ச் இருக்கிறது. என் வீட்டில் 155 வாட்டில் வாழச் சொன்னால் ஒரு வாரம் தாங்கமாட்டேன். அதையே இன்னொரு ஊருக்குக் கொண்டுபோய் வைக்கும்போது மட்டும் அது முன்னேற்றம் ஆகிவிடுகிறது.

இப்போதும் பயணத்தில் அந்த மடக்கு பேனலை எடுத்துப்போகிறேன். யாராவது புதிதாக ஒரு சோலார் கிராமம் என்று செய்தி அனுப்பினால் படத்தைப் பார்ப்பதற்கு முன் இரண்டு விஷயம் தேடுகிறேன். பழுதானால் யார் பார்ப்பார்கள்? அப்புறம், சாச்சா கேட்டது: இதுல ஃபேன் ஓடுமா?