ஆறு நாள்களும் ஓர் உண்டியலும்

கடனை எழுத்தில் வைக்கப் பணிக்கும் 2:282ஆம் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை நாம் அறிவோம். கடன்படுபவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும் என்பது அதிலுள்ள ஒரு நுட்பம். அவ்வாறு ஒப்பமிட்டுக் கைமாறிய தாளில், அவர் இசைவின்றிப் பிறர் கைவைத்தால் யாது நிகழும்? நம் நாட்டில் இன்றுள்ள விதி, இங்கிலாந்து நீதிமன்றங்களில் உருவானதாகும்.

1614இல் எழுந்தது பிகாட் வழக்கு. அவர் எழுதிக் கொடுத்த கடன்முறியில், பெற்றவரின் பெயரை அடுத்து அவருடைய ஷெரீப் பதவியை அயலார் எவரோ சேர்த்துவிட்டார். முறி செல்லும் என்றே தீர்ப்பாயிற்று. ஆனால் உடன் வகுக்கப்பட்ட விதி கடுமையானது: முக்கியமான இடத்தில் எவர் திருத்தினும் முறி செல்லாது, பெற்றவரே திருத்தினால் அற்பத் திருத்தமும் அதனைக் கெடுக்கும்.

முத்திரையிட்ட முறிக்குரிய இவ்விதி வணிகரின் உண்டியலுக்கும் பொருந்துமா? 1791இல் மாஸ்டர் – மில்லர் வழக்கு அதற்கு விடை கண்டது. மில்லர் ஏற்று ஒப்பமிட்ட உண்டியல் 974 பவுன் 10 ஷில்லிங்குக்கானது; தேதி 1788 மார்ச் 26; தவணை மூன்று மாதம். பின்னர் எவரோ 26ஐ 20 ஆக்கினர். தொகையில் ஒரு காசும் கூடவில்லை; தவணை ஆறு நாள் முந்தியது, அவ்வளவே! ஏதுமறியாமல் விலைகொடுத்து அதனை வாங்கிய மாஸ்டர் தரப்பினர் பணம் கேட்டனர். அவர்கள் தோற்றனர். மோசடி பலித்தால் ஆதாயம், பிடிபட்டால் பழைய உரிமைக்கு நட்டமில்லை என்றிருந்தால் எவர்தாம் அஞ்சுவர் என்பது தலைமை நீதிபதி கென்யன் பிரபுவின் கருத்து. நீதிபதி புல்லர் உடன்படவில்லை. குற்றமற்றவர் இழப்பது நமக்கும் உறுத்தத்தான் செய்கிறது. எனினும், ஒப்பமிட்டவர் இசைந்தது மார்ச் 26க்கு அன்றோ! 1793இல் மேல்முறையீட்டிலும் அத்தீர்ப்பே நிலைத்தது.

இந்தியாவில் 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறி ஆவணச் சட்டம் 87ஆம் பிரிவில் இவ்விதியை ஏற்றது. முக்கியத் திருத்தம் செய்யப்பட்ட புரோநோட்டு, திருத்தத்துக்கு இசையாதவரைக் கட்டுப்படுத்தாது. முதலில் உடன்பட்ட இருதரப்பாரின் பொதுக் கருத்தை நிறைவேற்றச் செய்த திருத்தத்துக்கு மட்டும் விலக்குண்டு.

ஆனால் நம் குடும்பங்கள் அதிகம் கவனிக்க வேண்டியது 20ஆம் பிரிவையே. ஸ்டாம்பு ஒட்டிய வெற்றுத்தாளில் ஒப்பமிட்டுக் கொடுத்துவிட்டால், அதை நிரப்புவது திருத்தமாகாது. அந்த ஸ்டாம்பு தாங்கும் தொகைவரை நிரப்பிக்கொள்ள ஒப்பமிட்டவரே அதிகாரம் அளித்ததாகச் சட்டம் கொள்கிறது. பேசிய தொகைக்கு மேல் வாங்க, கடன் கொடுத்தவருக்கு உரிமையில்லை என்பது மெய்யே. ஆயினும் அவரிடமிருந்து நன்னம்பிக்கையுடன் விலைகொடுத்து அந்நோட்டைப் பெற்ற மூன்றாமவரை அந்த வரம்பு கட்டுப்படுத்தாது.