தபால் தலையில் ஏறிய பாம்புகள்

தபால் தலை சேகரிப்பவர்களில் பல ரகம் உண்டு. சிலர் ஒரே நாட்டுத் தலைகளைச் சேர்ப்பார்கள். சிலருக்கு ரயில், சிலருக்குப் பூ. பாம்பு, பல்லி, ஆமை, தவளை மட்டும் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள்! அவர்கள் ஆல்பத்தைப் புரட்டினால் நம்ம சென்னையின் கதையும் கொஞ்சம் வெளியே வரும்.

உலகின் முதல் தபால் தலை 1840ல் பிரிட்டனில் வந்தது. அதில் இருந்தது விக்டோரியா ராணியின் முகம். அப்புறம் ரொம்ப காலத்துக்கு ராஜா, ராணி, அரசு முத்திரை இவைதான். 1894ல் வடக்கு போர்னியோ தன் 12 சென்ட் தலையில் ஒரு முதலையைப் போட்டது. முகம் பார்த்துச் சலித்தவர்களுக்கு அது பெரிய விருந்துதான்.

இந்தியாவுக்கு வருவோம். 2000ல் நம் தபால் துறை இரண்டு ஆமைகளை வெளியிட்டது. அதில் ஒன்று நம் கடற்கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமை. பிறகு 2003 நவம்பர் 12 அன்று நான்கு பாம்புகள் வந்தன: மலைப்பாம்பு, மூங்கில் குழிவிரியன், ராஜநாகம், மரம்விட்டு மரம் தாவும் பறக்கும் பாம்பு. ஒவ்வொன்றும் 5 ரூபாய்.

இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? முப்பது வருடம் பின்னால் போய்ப் பாருங்கள். அப்போது இந்தியப் பாம்பு வெளிநாடு போனது தபால் தலையாக அல்ல, தோலாக. கைப்பை, செருப்பு, பெல்ட் செய்ய மேல்நாடுகளுக்குப் போன அந்த வியாபாரத்தில் சென்னை ஒரு முக்கிய மையம். செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் பாம்பு பிடித்துத் தோலை விற்றுத்தான் பிழைத்தார்கள். 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976ல் பாம்புத் தோல் ஏற்றுமதி அடியோடு தடை செய்யப்பட்டது. பாம்பு பிழைத்தது. பிடித்தவர்கள் கதி?

கிண்டியில் பாம்புப் பண்ணையை உருவாக்கிய ராமுலஸ் விட்டேகர் இருளர்களோடு சேர்ந்து ஒரு வழி கண்டார். 1978ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. பாம்பைக் கொல்லாமல் பிடித்து, விஷத்தை எடுத்துவிட்டு, திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடிக்கு ஊசி மருந்து தயாராகிறது. 2023ல் அந்த இருளர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

இப்போது மறுபடி அந்த நான்கு தலைகளைப் பாருங்கள். மருந்துக்காக விஷம் எடுப்பது நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கில்தான். தபால் தலையிலும் நான்கு, மருந்திலும் நான்கு. ஆனால் ஒன்றுகூடப் பொருந்தாது! தலையில் இருப்பவை பெரும்பாலும் காட்டில் வாழும் அழகன்கள். வயலிலும் வீட்டுத் திண்ணையிலும் ஏழைகளைக் கடிப்பவை அதில் இல்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. வருடத்துக்கு ஏறக்குறைய 58,000 பேர்.

ஆமை விஷயமும் அப்படித்தான். ஆல்பத்தில் பங்குனி ஆமை பளபளவென்று இருக்கிறது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் அவை நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. ஆமைக்கு மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் சிக்கினால் அது முடியாது, மூச்சு முட்டிச் சாகும். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் இருக்கிற நமக்கு இது தூரத்துச் செய்தி இல்லை.

அதற்காக சேகரிப்பது வீண் என்று சொல்லவில்லை. ஒரு நாடு எதை மதிக்கத் தொடங்கியது, எப்போது தொடங்கியது என்பதை தேதியோடு சொல்வது தபால் தலை. தோலை விற்ற நாடு படத்தை விற்க ஆரம்பித்தது நல்ல மாற்றம்தானே. அடுத்த முறை பாம்புத் தலை வெளியிட்டால், ஒரு கண்ணாடிவிரியனையும் பக்கத்திலேயே அதைப் பிடிக்கும் இருளரின் கையையும் போடட்டும். வரிசையில் முதல் ஆளாக நான் நிற்பேன்!